திரைக்கு வந்த விருந்தாளிகள்

கட்டாரில் இருக்கும் என் துரைக்கு,

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதுதான் எழுதுகிறேன்.

சின்னவளின் வகுப்புக்கு நோர்வேப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். விருந்தாளிகளை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? விடியவே எழும்பி ஒரு பெட்டி இறால் வடை சுட்டுக்கொண்டு போனேன். பார்த்தால், அவர்கள் நோர்வேயிலேயே இருந்துகொண்டு, சுவரில் திரைக்குள்ளே கை காட்டுகிறார்கள்!

"அம்மா, திரையில வாற ஆக்கள் சாப்பிடமாட்டினம். எங்கட அப்பா மாதிரி," என்றாள் சின்னவள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இந்த நத்தார்ப் பண்டிகைக்கும் லீவு இல்லையென்று நேற்றுச் சொன்னீர்கள். ஒவ்வொரு நத்தாருக்கும் பலகாரத்தைப் போனுக்குக் காட்டிக் காட்டிக் கை ஓய்ந்துபோச்சு. இனி நீங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றால்தான் வடைக்குப் பருப்பு ஊறப்போடுவேன். அது ஊறும் வரைக்குமாவது வீட்டில் இருப்பீர்கள்.

உங்கள் வடைக்காரி