பிரசவத்துக்குத் துணை

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே, நான் வேலை பார்க்கும் ஊரில், துணி தேய்க்கும் நிறைமாதப் பெண் ஒருத்தி, "ஆஸ்பத்திரியில தனியாப் போட்டுத் திட்டுவாங்க டீச்சர், வீட்டுலயே பெத்துக்கிறேன்" என்றாள். பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளையிடம் சொல்வதுபோல், "நான் கூடவே இருப்பேன்" என்றேன்.

"உங்க மக பிரசவத்துக்கும் இருந்தீங்களா?"

"பின்னே இல்லாம?" என்று சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சுகப்பிரசவம். என் கையை விடாமல், "உங்க மக குடுத்துவச்சவ" என்றாள். நம் மகள் வலியில் கூப்பிட்டபோது நான் இங்கேதானே இருந்தேன்!

அவள் சொல்லக் கேட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்ட அடுத்தவளுக்கு வலி எடுத்துவிட்டதாம், கிளம்புகிறேன். ஒரே ஓர் உதவி. அங்கே உங்களோடு இருக்கும் நம் மகள் இன்னும் என் போனை எடுப்பதில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது நீங்களே என்னைக் கூப்பிட்டுப் போனை அவள் காதில் பிடியுங்கள். அப்போது துண்டிக்க அவளுக்குக் கை ஒழியாது.

உங்கள்
டீச்சரம்மா