மேட்டில்தான் என்று சொன்னேன்

கார்த்திகை 17, சனி

காலையிலிருந்து வாடைக் காற்று. வானம் கறுத்துக் கிடக்கிறது, மழை இல்லை. கால்வாய் வேலைக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் துரைக்கு, பின்பக்கம் எனக்கு. அவருக்குத் தமிழ் படிக்க வராது.

துரை கூப்பிட்டார். வருகிற வெள்ளி அமாவாசை, கடல் ஏற்றம் பெரிது. அன்றைக்கு மழையும் சேர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பும். செய்ய வேண்டியவை:

மதகுச் சங்கிலிக்கு எண்ணெய்
மணல் சாக்கு இருநூறு
கரைக்கு முட்டுக் கொடுக்க பக்காவ் மரக் கம்பு இரண்டு வண்டி
மண்வெட்டிகளுக்குப் புதுப் பிடி
கோனாரிடம் சொல்லி எருமைகளை மேட்டு ரோட்டுக்கு ஏற்றணும் (கேட்க மாட்டார்)
என் வீட்டுக் கூரை, இரண்டு இடத்தில் ஒழுகல்
சுருட்டு

துரை ஊரில் இந்த மாதம் மலையெல்லாம் பனி விழுமாம். விழுந்த இடத்திலேயே வெள்ளையாகக் கிடக்குமாம், ஓடாதாம். ஓடாத தண்ணீர்! அந்த ஊரில் எனக்கு வேலை கிடைக்காது.

காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் என் சம்சாரம் செல்லம் பாலாடையை நீட்டினாள். எங்கள் குட்டிக்கு மருந்து புகட்டிய அதே பித்தளைப் பாலாடை. பிள்ளை போய் முப்பத்தொரு நாள். அவளுக்குப் பால் நிற்கவில்லை. பீய்ச்சித் தருகிறாள், நான் கொண்டுபோய் அவனை வைத்த இடத்தில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறேன். பெண்பிள்ளைகள் அங்கே வரும் வழக்கம் இல்லை. அவள் அந்த இடத்தைப் பார்த்ததே கிடையாது.

கார்த்திகை 18, ஞாயிறு

லீவு. மாரிமுத்து வந்தான், கூரைக்குப் புது அத்தாப்பு ஓலை போட. என் ஆட்களில் மூத்தவன், குட்டிக்குக் குழி வெட்டியவனும் அவன்தான். செல்லம் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தாள். திடீரென்று,

"என்னங்க, எவ்வளவு மழை பேஞ்சாலும் குட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? மேட்டுலதானே வெச்சிருக்கீங்க?"

"ஆமா, மேட்டுலதான்."

மாரிமுத்து குனிந்து பிரம்பு கட்டிக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை.

இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன். மேட்டில் இல்லை. கால்வாயின் கீழ்க்கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், சிலர் பச்சைப் பிள்ளைகளை வைக்கிற துண்டு நிலம். மேட்டு இடுகாடு வெகு தூரம், மாதம் ஒரு தடவை போனால் அதிகம். கீழ்க்கரை என் தினசரி வழி. காலையும் மாலையும் பார்க்கலாம் என்று வைத்தேன். அடையாளத்துக்கு ஒரு உடைந்த சிவப்புக் குழாய். அவனை வைத்துவிட்டு வந்த அன்றைக்குச் செல்லம் வாசலில் உட்கார்ந்தபடி "தண்ணி நிக்காத இடந்தானே?" என்று கேட்டாள். மேடு என்று வாயில் வந்துவிட்டது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி என்பார்கள். இந்தச் சுண்ணாம்புக் கம்பத்து ஊருக்குள் எந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். என் பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன். செருப்பால் அடிக்கணும் என்னை.

கார்த்திகை 20, செவ்வாய்

நேற்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. இடது காலில் சேற்றுப் புண். மதகு சரி. சாக்கு நூற்றிருபதுதான் வந்தது.

துரை குடை பிடித்துக்கொண்டு வந்து உத்தரவு கொடுத்தார். மதகுத் தூணில் சிவப்புக் கோடு போட்டாயிற்று. தண்ணீர் கோட்டைத் தொட்டால் கீழ்க்கரையை வெட்டிவிடணும். வெள்ளம் பள்ளத்துக்குப் போய்விடும், வீடுகள் தப்பும். "அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையே?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் மாரிமுத்து நின்றான். வேறு என்ன சொல்வது? எழுபது குடும்பம் இருக்கிற தெரு. என் வீடும் அதில் ஒன்று.

வேலை முடிந்து நானும் மா.வும் பள்ளத்தில் இறங்கினோம். நாலு பக்காவ் கம்பு நட்டு மேலே அத்தாப்பு வேய்ந்தோம். சுற்றிலும் களிமண் வரப்பு, முழங்கால் உயரம். நல்ல வேலை. துரை பார்த்தால் மெச்சுவார்.

மா. மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, இப்பவே எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோயிடுவோமா? நான் இறங்கறேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றான்.

வைத்ததைத் தோண்டக் கூடாது என்றேன். சாஸ்திரத்துக்குப் பயந்து சொல்லவில்லை. முப்பத்து நாலு நாள் ஆகிவிட்டது. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை 21, புதன்

மழை. ரோட்டில் டிராம் ஓடவில்லை. விறகு முழுக்க ஈரம், அடுப்பு புகைந்து செல்லத்துக்குக் கண் சிவந்திருந்தது. புகைதான் என்றாள்.

கோனார் எருமையை ஏற்ற மாட்டாராம். "ஏன் கங்காணி, எருமைக்குத் தண்ணியைக் காட்டியா பயமுறுத்தறீங்க?" தெருவே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாப்பிட்டு எழுந்தபோது செல்லம் ஒரு துணியை மடித்துக் கொடுத்தாள். ஏணைத் துணி, அவளுடைய பழைய பச்சைச் சேலை. "குளிர் காத்தா இருக்கு. அவன் மேல போட்டுட்டு வாங்க. மேட்டுல காத்து ஜாஸ்தி இருக்கும்."

அத்தாப்புக்குக் கீழே விரித்து நாலு முனையிலும் கல் வைத்தேன். வரப்புக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. கையால் அள்ளி வெளியே ஊற்றினேன். அள்ள அள்ள ஊறியது. குட்டிக்கு ஈரமே ஆகாது. குளிப்பாட்டும்போது தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி அழுவான்.

கார்த்திகை 23, வெள்ளி. அமாவாசை

காலை 8 மணி: கோட்டுக்கு ஒன்றரை அடி கீழே.
9½: ஒரு அடி. எதிர்க்காற்று, கடல் தண்ணீர் ஏறுகிறது.
10½: நாலு விரல். தெருவுக்குள் முழங்கால். எருமைகள் கத்துகின்றன.
11: கோடு.

ஆட்கள் பதினாறு பேர் கீழ்க்கரையில் மண்வெட்டியோடு. யாரும் கை ஓங்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, மா. சொல்லியிருப்பான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. சொன்னாத்தான்" என்றான் மா.

முதல் வெட்டு நானே வெட்டினேன். அப்புறம் எல்லோரும். ஆள் நிற்கிற அகலத்துக்கு வெட்டியதும் மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டது. வரப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அத்தாப்புக் கூரை கொஞ்ச தூரம் மிதந்து போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மா. என் இடுப்புத் துணியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

2 மணி: தெருவில் தண்ணீர் கணுக்கால். வீடு ஒன்றும் விழவில்லை. எருமை ஒன்றும் போகவில்லை. கோனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், மகராசனாய் இருக்கணும் என்று. துரை தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். செல்லம், "நம்ம தெருவே உங்களாலதான் தப்பிச்சுதாம், எல்லாரும் சொல்றாங்க" என்றாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார்த்திகை 24, சனி

தூறல். காலையில் அவள் பாலாடை கொடுத்தாள். பால் முன்னைப்போல் இல்லை, பாதிதான் இருந்தது.

பள்ளம் முழுக்கத் தண்ணீர், ஒரே ஏரி. குழாயும் இல்லை, கம்பும் இல்லை. மார்பளவு இறங்கி, பாலாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலால் துழாவினேன். ஒரு மணி நேரம் துழாவியிருப்பேன். எல்லா இடமும் ஒரே சேறு. எங்கே ஊற்றுவது? ஊற்றாமலே திரும்பினேன். வழியில் கொட்டியிருக்கலாம், அது தோன்றவில்லை.

செல்லம் பாலாடையைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டையை.

"மேட்டுல ஏதுங்க இவ்வளவு சேறு?"

சொன்னேன். எல்லாவற்றையும். கரையை நான்தான் வெட்டினேன் என்பதையும். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். சோறு போட்டாள். மோர் ஊற்றினாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு,

"ஏன் அங்க வெச்சீங்க?"

"தினம் பார்க்கலாம்னு."

"எனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? எங்கிட்ட ஏங்க பொய் சொன்னீங்க?"

எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

படுக்கும்போது, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள். பொம்பளைங்க வர்ற வழக்கமில்லை என்று ஆரம்பித்தேன். "வழக்கத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க."

கார்த்திகை 25, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவள் முன்னால், கையில் பாலாடை, மேலே முந்தானையால் மூடி. கோனார் வீட்டு வாசலில் யாரோ, "கங்காணி சம்சாரம் எங்க போகுது?" என்றார்கள். அவள் திரும்பவில்லை.

பள்ளத்தில் தண்ணீர் அப்படியே. வெட்டின வாய்க்கு மேல் பலகை போட்டிருக்கிறோம். கையைப் பிடித்துக் கடத்தினேன்.

"எந்த இடம்?"

ஏதாவது ஒரு பக்கம் கை காட்டியிருக்கலாம். நம்பியிருப்பாள். கை பாதி எழுந்துவிட்டது, கீழே போட்டேன்.

"தெரியலை, செல்லம்."

கரை நெடுகப் பார்த்தாள். முன்னூறு கெஜம் இருக்கும். அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டடிக்கு ஒரு முறை நின்று, குனிந்து, தண்ணீரில் ஒரு சொட்டு. அரைப் பாலாடைப் பால் எத்தனை சொட்டு வரும்? நான் பின்னாலேயே போனேன். நாற்பது கெஜத்துக்குள் தீர்ந்துவிட்டது. அவளுக்கும் தெரியும். நிற்கவில்லை. இரண்டடி நடந்து, குனிந்து, வெறும் பாலாடையைக் கவிழ்த்துக் கவிழ்த்து இந்தக் கோடி வரைக்கும் வந்தாள்.