பதினோரு அங்குலத் துணி

நாற்பத்தொரு வருடமாக என் பேச்சை எனக்கு முன்பே முடித்துவைப்பவளுக்கு,

வயிற்றுக் காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்திருக்கிறார்கள். முதல் நாள் பதினோரு அங்குல மருந்துத் துணியை உள்ளே அடைத்தார்கள்; இன்று நான்குதான் போயிற்று. தினமும் அளவு கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். என் புத்தி உனக்குத் தெரியுமே.

"மேல தச்சுட்டா என்னம்மா?" என்று பயந்து பயந்து நர்ஸிடம் கேட்டேன்.

"வெளிய அழகாத்தான் இருக்கும் தாத்தா, உள்ள சீழ் பிடிச்சுக்கும். அடியிலேருந்துதான் மூடிட்டு வரணும்."

அன்று பதற்றத்தில் நீ என் வயிற்றிலிருந்து கத்தியை உருவினாய். உருவாமல் விட்டிருந்தால் இவ்வளவு ரத்தம் போயிருக்காது என்கிறார் டாக்டர். அது உன் தப்பில்லை, உனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து, "ஏங்க, பழம் நறுக்கறப்ப வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க. என்ன இருந்தாலும் அவன் நம்ம புள்ளைங்க" என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வாரம் அப்படியே சொன்னேன். நேற்று போலீஸ்காரரை நானே வரவழைத்து, நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். செய்தது சரியா என்று இப்போதும் குழப்பம்தான். ஆனாலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

அவனோடு உன் தங்கை வீட்டில் எத்தனை நாள் இருப்பாய்? வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வருகிறேன். வாசல் பூட்டை மாற்றச் சொல்லிவிட்டேன். சாவி இரண்டுதான். உன்னுடையது உனக்காகக் காத்திருக்கும், அவனுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
வாழ்நாளில் ஒரு பழமும் நறுக்கியறியாத உன் வீட்டுக்காரன்