சேந்தன் மனைக்கு மேற்கே இருப்பவன்

மழை தன் நாள் தவறாது பெய்க. ஆம்பற்றுறையின் ஒன்பது தெருக்களிலும் அடுப்பு அவியாதிருக்க. எவர் கூரையும் ஒழுகாதிருக்க. ஒழுகுவதாயின் அடுத்த வீட்டுக் கூரையும் உடன் ஒழுகுக. இவ்வாழ்த்தின் கடைசி அடி எழுதுவோன் தானாகச் சேர்த்தது. அரசர் கேட்டு, அது இருக்கட்டும், எழுதினவன் யாரென்று ஊருக்குத் தெரியட்டும் என்று அருளினார்.

ஏழு துறைக்கும் இரு மலைக்கும் உரியவரும், பகைவர் மூவரைப் போரில் வென்று நால்வரை விருந்தில் வென்றவருமான முகில்மலை நாடுடைய இளம்பரிதிக்கோ மன்னருக்கு யாண்டு பதினெட்டாவது, ஆவணித் திங்கள் தேய்பிறை மூன்றாம் நாள், அவர் திருவாய் மலர்ந்தபடி, ஆம்பற்றுறையில் மனை உடைய அனைவர்க்கும் திருமுக ஓலைநாயகன் ஆதன் வெண்கொற்றன் எழுதுவது. நீவிரும் நும் கிளையும் கன்று காலிகளும் நலமே இருப்பீராக.

நும் மனைக்கு விதித்த வரியாகிய இறை எவ்வளவு, ஏன் அவ்வளவு, அதை எங்கே சென்று எப்படிக் காண்பது என்பதை ஊரார் எல்லோரும் அறிய வேண்டும் என்பது அரசர் உள்ளம். விதியாக எழுதி அனுப்பினால் ஒருவரும் படிக்கமாட்டார். ஒருவன் பட்ட பாடாக எழுதினால் ஒருவரும் படிக்காமல் விடமாட்டார் என்று அவர் கருதினார். பட்டவன் இவ்வெண்கொற்றனே. "நான் என்று எழுதினால் உனக்குச் சாதகமாக எழுதுவாய். அவன் என்று எழுது" என்பதும் அரசர் ஆணை. ஆகவே இனி வருவது அவன் செய்தி.

ஆவணி வளர்பிறை ஏழாம் நாள் காலை, குடித்த கஞ்சி செரிக்குமுன், வெண்கொற்றன் தன் வீட்டுக் கிழக்கு மதில்மேல் அளவுநூலோடு ஏறினான். அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு; மதிலுக்கு அதனினும் கூடுதல். மதிலுக்கு அப்பால் இருப்பது யானைக்கொட்டில் தலைவன் சேந்தன் வீடு. அதன் நீள அகலத்தை யாரும் காணாமல் அளந்துவிட வேண்டும் என்பது எண்ணம். நூலை வீசினான். அது சேந்தன் வீட்டுப் பலாவில் சிக்கியது. பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தான். பலா அசையவில்லை, மதில் அசைந்தது. ஆறு முழ நீளத்துக்கு அது அப்படியே கிழக்கே சரிய, அதன்மேல் அமர்ந்த கோலத்திலேயே திருமுக ஓலைநாயகன் சேந்தன் வீட்டுக் கழுநீர்த் தொட்டிக்குள் இறங்கினான்.

மாட்டுக்குத் தவிடு கலக்க வந்த சேந்தன் மனைவி கொற்றியார், தொட்டிக்குள் இருந்த பெருமகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வாசல் திறந்துதானே கிடக்கிறது அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, துவட்டத் துணி எடுத்துவர உள்ளே போனார்.

அவன் ஏன் ஏறினான் என்றால், பொறாமையால். இதைவிட மரியாதையான சொல் இருந்திருந்தால் முப்பதாண்டு ஓலை எழுதினவனுக்கு அது கிடைத்திருக்கும்.

வெண்கொற்றனும் சேந்தனும் அரண்மனைப் பணியில் சேர்ந்தது ஒரே நாளில். குதிரைச்சேவகர் தெருவில் அடுத்தடுத்து மனை வாங்கியதும் ஒரே ஆண்டில். ஆடி கழிந்ததும் மனையிறை தண்டுவோர் இருவர் முரசறைந்து வருவர். வெண்கொற்றன் வாசலில் நின்று பன்னிரண்டு காசு வாங்குவர். ஓலைநாயகன் கையால் கொடுத்தது என்றும் பாராமல் திரும்ப ஒருமுறை எண்ணுவர். பிறகு சேந்தன் வாசலுக்குப் போவர். அங்கே ஒரு கும்பிடு, ஒரு செம்பு மோர், ஒரு சிரிப்பு. காசு கேளாமல் நடப்பர். பதினோராண்டாக இதுவே வழக்கம். சேந்தன் மனை இறையிலியாம். இறை எதுவும் செலுத்த வேண்டாததாம். தன் காசு போனது வெண்கொற்றனுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அந்தக் கும்பிடு வலித்தது.

அரசருக்குச் சேந்தன்மேல் அன்பு கூடுதல், அந்த அன்பே இறையிலியாக அவன் வாசலில் நிற்கிறது என்று வெண்கொற்றன் முடிவு கட்டினான். முடிவு கட்டியபின் சான்றுகளும் கிடைக்கத் தொடங்கின. அரசர் சேந்தன் தோளில் தட்டுவார். வெண்கொற்றனைக் கண்டால் எழுதியாயிற்றா என்பார். சேந்தன் வீட்டுப் பலா ஆண்டுக்கு நாற்பது காய்த்தது. இவன் வீட்டுப் பலா இலையை மட்டும் நன்றாகக் காய்த்தது. அரசருக்குச் சேந்தன்மேல் அன்பு கூடுதலா என்று தன் மனைவி சாத்தியிடம் கேட்டான். அவர் குழம்பில் புளி கூடுதலா என்று திருப்பிக் கேட்டார். அரண்மனை மருத்துவரிடம் கேட்டான். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, இரவு உணவைக் குறைக்கச் சொன்னார். ஒருவரும் நேராக விடை சொல்லவில்லை.

தொட்டியிலிருந்து எழுந்தவன், தவிடு காயுமுன்னே அவைக்குப் போனான். சேந்தன் பொய் சொல்லி இறையிலி பெற்றான், அதை நீக்க வேண்டும் என்று முறையிட்டான். அரசர் முறையை நினைவூட்டினார். அதாவது, குற்றம் சாட்டினவன் முழுநிலா நாளுக்குள் அதற்குரிய ஏட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஏடு அவனுக்கு எதிராயின் அவன் பதவி போகும். வெண்கொற்றனின் பதவி என்பது அவன் இடுப்பில் தொங்கும் இரும்பு எழுத்தாணி. அதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு பெருமையும் கிடையாது. அருகில் நின்ற சேந்தன் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. இடுப்பில் அடி பலமா என்று கேட்டான். அதற்காகவே அவனை மன்னிக்க முடியாது என்று வெண்கொற்றனுக்குத் தோன்றியது.

மறுநாள் அவன் தெற்குக் கோட்டைவாயில் அருகே உள்ள வரிப்பொத்தகச் சாலைக்குப் போனான். ஊரின் மனையிறை ஏடுகள் யாவும் இருப்பது அங்கே. காலை முதல் பொழுது சாயும்வரை அது எவர்க்கும் திறந்திருக்கும், எவர் ஏட்டை எவரும் பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசில்லை. இந்த விதியை எழுதியவனே வெண்கொற்றன்தான் என்றாலும், அவன் அந்தப் படியை மிதித்தது அன்றுதான் முதல்முறை.

சாலையைக் காப்பவர் நங்கை நீலி. திருமுக ஓலைநாயகன் ஆதன் வெண்கொற்றன் மனை ஏட்டை எடுக்குமாறு அவன் பணித்தான். அப்படி ஒன்று இல்லை என்றார் நீலி. பட்டத்தை விட்டுப் பெயரை மட்டும் சொன்னான். அதுவும் இல்லை. சாலை ஒழுங்காக இல்லை என்று அவன் சினந்தான். மனிதர் சாவார், விற்பார், பட்டம் மாற்றுவார், நிலம் இருந்த இடத்தில் இருக்கும், ஆகையால் இங்கே ஆளின் பெயரால் ஏடு இல்லை, தெருவால் உண்டு, தெருவுக்குள் எல்லையால் உண்டு என்று நீலி பொறுமையாக விளக்கினார். கிழக்கெல்லை யாருடையது என்று சொன்னால் ஏடு கைக்கு வரும். "உங்கள் மனை எதற்கு மேற்கு, நாயகரே?"

வெண்கொற்றன் மற்ற மூன்று எல்லைகளையும் தங்குதடையின்றிச் சொன்னான். வண்ணார் பாதைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு, கொல்லை வாய்க்காலுக்குத் தெற்கு. அப்படிப் பதினேழு மனை இருக்கிறது என்றார் நீலி. அவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். இரண்டாம் நாளும் போனான். அதே மூன்றைச் சொன்னான். அதே பதினேழு இருந்தது. மூன்றாம் நாள் போய்த் தூணைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான். கேட்கவில்லை என்றார் நீலி. சாலையில் இருந்த எண்ணெய் வாணிகர் இருவரும் ஒரு பூக்காரியும் நிமிர்ந்து பார்க்க, "சேந்தன் மனைக்கு மேற்கு" என்று உரக்கச் சொன்னான். அந்தச் சொல் வாயிலிருந்து முழுதும் இறங்குமுன் ஏடு அவன்முன் இருந்தது. அரசாங்கத்தின் கண்ணில் தான் யார் என்பது அன்று அவனுக்கு விளங்கியது.

ஏட்டைப் படிக்க நீலியே கற்றுத்தந்தார். முதல் வரி மண்ணின் அளவு. அடுத்தது கூரையிட்ட பரப்பு. அதன்பின் மேல்மாடம் எத்தனை, கிணறு உண்டா, காய்க்கும் மரம் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம். எல்லாம் கூடினால் இறை. யார் குடியிருக்கிறார், அவர் அரசருக்கு வேண்டியவரா என்பதற்கு ஏட்டில் வரியே இல்லை. இதைத் தேடி இரண்டுமுறை திருப்பிப் பார்த்தான்.

மூன்றாம் வரியில் மாடம் ஒன்று என்றிருந்தது. வெண்கொற்றன் வீட்டில் மாடம் கிடையாது. யார் சொல்லி எழுதினார்கள் என்று நீலி கேட்டார். அவனுக்கு நினைவு வந்தது. பதின்மூன்று ஆண்டுக்குமுன் அளவுகாரர் சேந்தன் வீட்டை அளந்துவிட்டு வந்து, அங்கே பெரிய முற்றம் என்றார்கள். உடனே இவன், இங்கே மாடம் எழும்பப் போகிறது, எழும்பியதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு காசில் மூன்று காசு அந்த இல்லாத மாடத்துக்கு. நீலி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பான்.

பிறகு சேந்தன் ஏடு. அதில் இறையிலி என்றும், காரணம் தனி ஓலை என்றும் இருந்தது. அந்தத் தனி ஓலை பஞ்ச காலத்துக் கட்டுகளுக்குள் கிடந்ததால், அது கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. யாண்டு ஏழாவதில் ஊர்க்கிணறெல்லாம் வற்றியபோது சேந்தன் தன் கொல்லைச் சுவரை இடித்து, தெருவார் அனைவரும் தன் கிணற்றில் நீர் எடுக்க வழி விட்டான். அவ்வழி ஒருநாளும் அடைபடாதிருக்கும் வரை அவன் மனை இறையிலி. இங்ஙனம் கிணறு திறந்துவிடும் வேறெவர்க்கும் இதுவே முறை. இவ்வாறு முடிந்த ஓலையின் கீழ் ஒரு கையெழுத்து. இவை திருமுக ஓலைநாயகன் ஆதன் வெண்கொற்றன் எழுத்து.

யாரோ தன் கையைப்போல் எழுதியிருக்கிறார் என்றான் வெண்கொற்றன். சொன்ன வேகத்தில் அடங்கினான். அந்தக் கொம்புச் சுழிப்பை நாட்டில் வேறு எவனும் போட முடியாது. அதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான். அந்தப் பஞ்சத்து நாளில் நாற்பது ஓலை எழுதினான். இந்த ஓலையை எழுதும்போது சேந்தன் அரசர் பக்கத்தில் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். கை எழுதிற்று, மனம் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் வீட்டுக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்தே வருகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் அங்கே நிற்கும் குடங்களின் வரிசையைக் காணும்போதெல்லாம், இவனைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார் என்றே எண்ணியிருந்தான்.

நீலி ஓலையை மறுபடி பார்த்து, வழி இப்போதும் திறந்துதான் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கவில்லை. வெண்கொற்றனோடு சரிந்த ஆறு முழ மதில் அந்த வழியின் குறுக்கேதான் கிடந்தது. வழக்கு முடியும்வரை வழக்கிலுள்ள மனையில் அதை உடையவன் ஒரு கல்லையும் நகர்த்தலாகாது என்பது முறை, சேந்தன் நகர்த்தவில்லை. ஐந்து நாளாக வழி அடைபட்டிருந்தது. ஓலையின் எழுத்துப்படி இறையிலி போயிற்று. வெண்கொற்றன் வென்றுவிட்டான். எழுத்தாணி இடுப்பில் நிற்கும். அடுத்த ஆடி கழிந்ததும் தண்டுவோர் சேந்தன் வாசலிலும் கையை நீட்டுவர்.

அந்த இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே அவன் வீட்டுக்கு நடந்தான். தெருமுனையில் ஆற்றிலிருந்து குடம் சுமந்து வந்த பெண்கள் எதிர்ப்பட்டனர். ஆறு அரைக்காதத் தொலைவு. நான்காவதாக வந்தவர் சாத்தி. அவர் நிற்கவில்லை, ஏசவும் இல்லை. மூச்சு வாங்கியபடி, ஏடு கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றான். நல்லது, வழியை விடுங்கள், குடம் கனக்கிறது என்றார்.

மதில் வெண்கொற்றனுடையது, அதன் கல்லை அவன் எடுக்கத் தடையில்லை. மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினான். சேந்தன் கல்லைத் தொடக்கூடாதவனாகையால், கிணற்றுக் கட்டில் அமர்ந்து யானைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தான். "முதுகைத் தாழ்த்து வெண்கொற்றா. இடக்காலை முன்னே வை. அப்படித்தான், நல்ல பிள்ளை." கொற்றியார் இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்தார். இரண்டு நாளில் வழி திறந்தது. அவன் கையில் ஏழு கொப்புளம்.

முழுநிலா நாளில் அவன் அவை நடுவே அந்த ஓலையைத் தானே படித்தான். வழியை அடைத்தது தன் மதிலும் தன் நூலும், வழக்குத் தொடுத்தவன் செய்த அடைப்பை வழக்கில் நிற்பவன் தலையில் வைப்பது முறையன்று, சேந்தன் இறையிலி நிற்க வேண்டும் என்று சொல்லி, எழுத்தாணியை அவிழ்த்து அரசர் அடியில் வைத்தான்.

அரசர் தீர்ப்பளித்தார். எழுத்தாணி மூன்று திங்கள் நங்கை நீலியிடம் இருக்கும். அதுவரை வெண்கொற்றன் நீலியின் எழுத்தாணியால், நீலியின் கண்முன், எழுதியதைத் தானே ஒருமுறை படித்துக் காட்டி எழுதுவான். மாடத்தின் மூன்று காசு வரும் ஆண்டு முதல் நீங்கும். சென்றவை சென்றவையே, பெருமையடித்த கூலி.

மனையுடையார் அனைவர்க்கும் ஆணை இது. ஐப்பசி முடிவதற்குள் ஒவ்வொருவரும் வரிப்பொத்தகச் சாலைக்குச் சென்று தம் ஏட்டைக் காண்க. நான்கெல்லையும் கேட்டறிந்து செல்க. அண்டை வீட்டான் பெயரைச் சொல்ல நா கூசுவோர் முன்கூட்டியே பழகிச் செல்க. ஏட்டில் உள்ளது வீட்டில் உளதா, வீட்டில் உள்ளது ஏட்டில் உளதா என்று வரிவரியாக ஒத்துப் பார்க்க. பிழை கண்டால் நீலியிடம் உரைக்க. அடுத்தவர் இறை ஏன் குறைவு என்று உள்ளம் கொதிப்போர் மதில் ஏறற்க. அவர் ஏட்டையும் கேட்டு வாங்கிப் படிக்க.

இவ்வளவில் இவ்வோலை முடிந்திருக்கலாம். அன்று அவையில் நடந்த இன்னொன்றையும் எழுத வேண்டும் என்று அரசர் பணித்தார்.

எழுத்தாணியை வைத்தபின் வெண்கொற்றன் நகரவில்லை. இனி இழக்க ஒன்றுமில்லாததால் துணிவு வந்தது. இறைக்கும் ஏட்டுக்கும் இது தொடர்பற்றது எனினும் பதினோராண்டாக உறுத்துகிறது என்று சொல்லி, அரசருக்குத் தன்னைவிடச் சேந்தன்மேல் அன்பு கூடுதலா என்று அத்தனை பேர் நடுவிலும் கேட்டான். அமைச்சர்களுக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. மருத்துவர் கூரையைப் பார்த்தார். சேந்தன் தன் கால்விரலைப் பார்த்தான். அரசர் மட்டும் வெண்கொற்றனைப் பார்த்து, சற்று எண்ணி, "ஆம்" என்றார். "அவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன்னைப் பார்த்தால் செய்யாமல் விட்ட வேலை நினைவுக்கு வருகிறது. நான் என்ன செய்யட்டும்?"

நீலி பார்த்து ஒப்பினார். ஆம்பல் முத்திரை இட்டாயிற்று. ஒன்பது தெருவிலும் உரக்கப் படிக்க.