பையின் இன்னொரு காது

காலை ஐந்தே முக்கால். பஸ் வந்துவிடும், அவசரமாக எழுதுகிறேன்.

ஏங்க, சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடாமல் சாப்பிடுங்கள்.

நேற்று நான் கத்தியிருக்கக் கூடாது. அரிசிக்கும் பருப்புக்கும் நாலு அட்டைப் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இன்னோர் உறை. பார்த்ததும் பொறுக்கவில்லை. "உனக்கு அலைச்சல் மிச்சம்னுதானேடி ஆர்டர் போட்டேன்" என்றீர்கள். நான் எப்போது அலைச்சல் என்றேன்? காலி டப்பாக்களோடு மூலைக் கடைக்கு நடப்போம். திரும்பும்போது துணிப்பையின் ஒரு காது உங்கள் கையில், இன்னொரு காது என் கையில். வாரத்தில் நாம் ஒன்றாக இருந்ததே அந்த அரை மணி நேரம்தான்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. தயவுசெய்து ஆர்டர் போடாதீர்கள். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ஞாயிறு மாலை எனக்கு வேலை இல்லை.

சாவி செருப்பு அலமாரியில்.

இன்னொன்று. நீங்கள் அசந்து தூங்கினீர்கள் என்று போன இரண்டு வாரமும் எழுப்பாமல் தனியாகத்தான் போனேன். பருப்பை அளந்து டப்பாவில் கொட்டிக்கொண்டே கடைக்கார அக்கா கேட்டாள்: "என்னம்மா, ஒத்தையிலயே வர்றே? வீட்ல சண்டையா?"