மூணு தண்ணி

மே 19, திங்கள்

மூணு மணி பத்து நிமிஷம். ஒரே ஒரு லோடு துணிக்கு! அந்த நேரத்துக்கு நான் பஸ் ஏறி வேலூரில் இறங்கி டீயே குடித்திருப்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி அன்வரி வழுக்கி விழுந்து மணிக்கட்டில் பிளேட் வைத்ததிலிருந்து இந்த வீட்டில் துணி துவைப்பது நான்தான். ரிடையர் ஆனவனுக்கு வீட்டில் கிடைத்த ஒரே இலாகா. பழைய மிஷினில் மூடியைத் திறந்தால் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கும். நாற்பது நிமிஷத்தில் வேலை முடியும். மறந்துபோன சாக்ஸை நடுவிலேயே வீசலாம். அதை மெக்கானிக் கதிரேசன் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகிறது. அதன் இடத்தில் இப்போது வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த இந்த மகாராஜா உட்கார்ந்திருக்கிறார்.

வாய் திறந்து குறை சொல்லவும் வழியில்லை. மகன் வாஜித் நிக்காஹ்வுக்கு மருமகள் சிம்ராவோடு வந்த மிஷின். ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னோம். சம்பந்தி ஷரீஃப் பாய் கேட்கவில்லை, அடையாறிலிருந்து அனுப்பிவிட்டார். அது பீப் அடிக்கிறபோதெல்லாம் சிம்ரா என் முகத்தைப் பார்க்கிறாள். புதுசாக வந்த பெண். நான் உதட்டைச் சுளித்தால் அவளைப் பெற்ற அத்தாவையே பழித்த மாதிரி.

மே 21, புதன்

ஸ்டூல் போட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன். துணியெல்லாம் ஈரமாகப் புரள்கிறது, தண்ணீர் எங்கே? தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக்கூட அது போதாது.

இதுதான் என்னை அரிக்கிறது. துணி பாக் ஆக, அதாவது தொழுகைக்கு ஏற்ற சுத்தமாக, மூணு தண்ணி அலச வேண்டும், ஒவ்வொரு தடவையும் பிழிய வேண்டும். நான் அறிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். இது ஒரு சொம்புத் தண்ணியைக் காட்டிவிட்டு முடிந்தது என்கிறதே! இந்தக் கைலியோடு நான் தொழுத தொழுகை சேருமா? பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்கலாம். கேட்டால் அசர் தொழுகைக்குள் சிந்தாதிரிப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

கூடுதலாக ஒரு அலசலுக்கு பட்டன் இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன். நாலு மணி நேரம் காட்டியது, வந்தது இன்னொரு சொம்பு.

மே 22, வியாழன்

கர்ச்சீப் ஒன்று தரையில் விழுந்து கிடந்தது. மிஷினை நிறுத்தினேன். கதவு திறக்கவில்லை. தட்டினேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னா மாமா, நல்லா ஓடுதா?" பின்னால் சிம்ரா.

"அருமையா ஓடுதும்மா."

கர்ச்சீப் என் பையில்.

மே 24, சனி

ஹா! கதிரேசன் கடைப்பக்கம் போனபோது சொன்னான்: "அது வெயிட்டப் பாத்துதான் தண்ணி உடும் பாய். ஈர டவல் ஒண்ணு உள்ள போடு, ஏமாந்துடும்."

பெரிய டவலைச் சொட்டச் சொட்ட நனைத்து உள்ளே தள்ளினேன். தண்ணீர் ஏறியது! கண்ணாடியில் பாதி வரை! பாத்ரூமில் தனியாக நின்று சிரித்தேன், வயது அறுபத்து மூன்று.

மே 25, ஞாயிறு

ஆசை யாரை விட்டது? இன்று மூன்று டவல் போட்டேன்.

சுற்றுகிற நேரத்தில் மிஷின் தடதடவென்று ஆடி, இடத்தைவிட்டு நகர்ந்து, பாத்ரூம் வாசல் வரை வந்துவிட்டது. கீழ்வீட்டு சொர்ணம் தெருவில் இறங்கி நின்று கத்தினாள்: "யோவ் பாய்! மேல இன்னா, போர் போட்டுக்கினு கீறியா?"

சிம்ரா ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர். "எங்க அத்தா வாங்குனது சரியில்லயா மாமா?"

"சேச்சே! நல்ல மிஷினுக்குக் கொஞ்சம் துள்ளல் இருக்கும்மா." என்ன பதில் இது? ஆனால் அவள் தலையாட்டினாள்.

டவல் வித்தை இன்றோடு சரி. இந்தப் பெண்ணை அழவைத்துவிட்டு நான் எதைப் பாக் பண்ணி என்ன?

மே 27, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

ஏழு மணிக்கு நான் மிஷினைப் போடுவேன். பத்துக்கு முடியும். சிம்ரா துணியை மாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போடுவாள் - "நீங்க வெயில்ல வராதீங்க மாமா" என்று அத்தனை மரியாதை. இரண்டரைக்கு அவளும் அன்வரியும் கண்ணயர்ந்ததும் நான் மாடி ஏறுகிறேன். கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவி, மாடிக் குழாயடியில் மூணு தண்ணி அலசிப் பிழிந்து, போட்டிருந்த வரிசையிலேயே திரும்பப் போட்டுவிடுகிறேன். கிளிப் நிறம்கூட மாறாது.

இன்று அசர் நிம்மதியாகத் தொழுதேன்.

மே 30, வெள்ளி

இரண்டு சிக்கல்.

ஒன்று, துணி காயவில்லை. சாயங்காலம் சிம்ரா எடுக்கப் போனால் எல்லாம் ஈரம். "இந்த வெயில்ல அப்பளம் பொரியுது, துணி காயலியா?" என்கிறாள் அன்வரி. சிம்ரா திருதிருவென்று விழிக்கிறாள். நான் கடல் காற்று என்றேன்.

இரண்டு, கீழ்வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சம்ப்பில் தண்ணீர் இல்லை. சொர்ணம் படியேறி வந்துவிட்டாள். "தண்ணி மிச்சம் புடிக்கிற மிஷினுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, எங்க மிச்சம்? சம்ப்பு காஞ்சி கீது!"

லீக் பார்க்க வந்த கதிரேசன் எல்லாக் குழாயையும் தட்டிவிட்டு என் கைலியின் ஈர ஓரத்தைப் பார்த்தான். "லீக்கெல்லாம் இல்ல பாய். வூட்லதான் யாரோ ஊத்திக்கினு கீறாங்க."

மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறேன் என்றேன். அது செத்து ஆறு மாசம் ஆகிறது. ஆனாலும் ஒன்று புரியவில்லை. நான் பிடிக்கிற ஏழெட்டு வாளியில் சம்ப்பு எப்படிக் காலியாகும்?

ஜூன் 2, திங்கள்

ஷரீஃப் பாய் போன். பக்ரீத் சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறார். "மிஷினு எப்டி பாய்?"

பத்து நிமிஷம் புகழ்ந்தேன். சிம்ரா பக்கத்திலேயே நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும்?

ஜூன் 7, சனி - பக்ரீத்

குர்பானி வேலையில் சட்டை, கைலி எல்லாம் ரத்தம். மிஷினைப் போடவே பதினொன்று ஆகிவிட்டது. இன்று மூணு தண்ணி இல்லாமல் முடியவே முடியாது. பழக்கப்படி இரண்டரைக்கு மாடி ஏறினேன்.

சிம்ரா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மூன்று வாளி. கையில் பிழிந்தபடி என் ஜிப்பா.

என் கையில் காலி வாளி.

அவள் என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். எழுந்தாள். "மாமா! தெனமும் துணிய நனைச்சி வெக்கிறது நீங்கதானா? நான் மூணு தண்ணி அலசி, கை வீங்கி, காயப்போட்டுட்டுப் போறேன், சாயந்தரம் வந்தா ஈரம்! ஜின்னு கின்னு இருக்கோன்னு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கினு ஏறுறேன் மாமா தெனமும்!"

ஒரு மாசத்தில் அவள் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் சொர்ணம் கீழேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க அவ்ளோ புகழ்றீங்க, எப்டி சொல்றது? எங்க அத்தாவ நானே கொற சொன்ன மாதிரி ஆயிடுமே" என்றாள். நானும் அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். அப்புறம் கொஞ்சம் அழுதாள். ஜிப்பாவின் இன்னொரு முனையை நான் பிடித்துப் பிழிந்தேன்.

சாயங்காலம் ஷரீஃப் பாய், அவர் மனைவி ஷம்ஷாத், சின்ன மகள் ஆயத். பிரியாணி முடிந்ததும் ஷரீஃப் பாய் மிஷினைப் பற்றிக் கேட்டார். நானும் சிம்ராவும் ஒரே குரலில் "பிரமாதம்" என்றோம்.

"எனக்குத் தெரியுமே! நம்ம வூட்லயும் மூணு வருஷமா அதானே. ஆயத் நிக்காஹ்வுக்கும் அதையே சொல்லிடறேன்."

நான் பீடாவை அப்படியே தட்டில் வைத்தேன். சிம்ரா தங்கச்சியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடித் திறந்தேன், சொல்லும்மா என்று.

"வேணாம் அத்தா. அது மூணு தண்ணி அலசாது. நானும் மாமாவும் மாடியில கையால அலசிக்கினு இருக்கோம். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

ஷரீஃப் பாய் முகம் சுருங்கியது. ஷம்ஷாத் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அந்த அம்மா. "மூணு வருஷமா நான் மட்டுந்தான் கையால அலசறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஜூன் 15, ஞாயிறு

ஷரீஃப் பாய் போன். குரலில் சுருதி இல்லை. நலம் விசாரித்தார், மழை வருமா என்றார், வெகுநேரம் இழுத்துவிட்டுக் கேட்டார்: "பாய், இப்ப இங்க மூணு தண்ணி அலசறது நான்தான். பெட்ஷீட்ட தனியா ஒரு ஆளு எப்டி பிழியறது?"

"ஸ்பீக்கர்ல போடுங்க மாமா" என்றாள் சிம்ரா.