வாப்பா படித்த தீவு

ஜனவரி 13, திங்கள்

ஏஜென்ட் ராஜிக் குறிப்பு அனுப்பிவிட்டார். கரீபியன் தீவு கிரெனடா: வரலாறு, நிலம், வானிலை, பொருளாதாரம். நாற்பது பக்கம். பணம் கட்டிக் குடியுரிமை வாங்கும் மனு வாப்பா பெயரில். நேர்காணலில் அவர் தேறினால் உம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து அந்தத் தீவின் பாஸ்போர்ட். எனக்குப் படிப்பு விசாவை இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். மூன்றாம் தடவை வேறு பாஸ்போர்ட்டோடு போய் நிற்க ஆசை.

மொழிபெயர்ப்பாளர் உண்டு, ஆனால் பதில் வாப்பா வாயிலிருந்து வரவேண்டும். பாடம் எடுக்கும் வேலை என் தலையில். முப்பது வருடமாகத் துபாய் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் மனிதரை எப்படி உட்கார வைப்பது? "ஜாதிக்கா விளையிற ஊரா? அப்ப நமக்குத் தெரிஞ்ச ஊருதான் புள்ள" என்றார்.

ஜனவரி 17, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பாடம். முதலில் பிரெஞ்சுக்காரன், பிறகு இங்கிலீஷ்காரன், 1974இல் விடுதலை. எரிமலை வாயில் ஒரு ஏரி. ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழை. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

நேற்று கால்வாயில் அப்ரா படகுத் துறையில் வெகுநேரம் நின்றாராம், வீடு எந்தக் கரையில் என்று தெரியாமல். வயசாச்சு.

ஜனவரி 24

இன்று முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்துக் கடை சாதிக் பாட்ஷா மாமாவின் பெயர் மட்டும் வரவில்லை.

ஜனவரி 29

2004 புயலைப் பற்றிக் கேட்டேன். ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது என்பதுதான் குறிப்பில் உள்ள பதில். அவரோ எழுந்து நின்றுகொண்டார்.

"நம்ம மரம் பூரா சாஞ்சு போச்சு. காலையில பாத்தா மலை மொட்டையா நிக்கிது."

"2004ல நீங்க தேராவுல இருந்தீங்க வாப்பா."

"அப்ப யாரு அதையெல்லாம் வெட்டி எடுத்தா?"

நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்தார்.

பிப்ரவரி 4

டாக்டரிடம் காட்டணும் என்கிறாள் உம்மா. நேர்காணல் முடியட்டும் என்றேன். இப்போது ஒரு மருத்துவ அறிக்கை வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

குறிப்பில் ஒரே ஒரு வரி: 1651இல் பிரெஞ்சுப் படை துரத்தியபோது தீவின் ஆதிக்குடிகள் சிலர் வடக்குப் பாறையிலிருந்து கடலில் குதித்தார்கள். அவ்வளவுதான்.

பால்கனியில் இருந்த வாப்பா தானாகச் சொன்னார்: "கடைசியா ஒருத்தி நின்னா. இடுப்புல புள்ள. குதிக்கிறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்தா."

"யாரைப் பாத்தா?"

"என்னையத்தான்."

குறிப்பை மூன்று தடவை புரட்டினேன். இணையத்திலும் தேடினேன். அப்படி ஒருத்தி எங்கும் இல்லை. எனக்குப் பயமா இருக்கு. நான் என்னத்தப் பண்ணிட்டு இருக்கேன்? நிறுத்தணும். நிறுத்தினா என் படிப்பு?

பிப்ரவரி 15

சொந்த ஊர் கீழக்கரையில் நம் வீடு எந்தத் தெரு என்று கேட்டேன். பேனாவை வாங்கித் துறைமுகம், கோட்டை, மேட்டுக்கு ஏறும் பாதை என்று வரைந்து, ஒரு வளைவில் புள்ளி வைத்தார். "இதான் வீடு." கீழக்கரையில் அப்படி ஒரு கோட்டையும் இல்லை, மேடும் இல்லை.

உம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். "ஒரு மாசத்துல ஒரு ஊரையே உள்ள ஏத்திட்ட. எது வெளிய போச்சுன்னு பாத்தியா?"

பார்த்தேன் உம்மா. முதல் வாரமே பார்த்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ராஜிக்கின் ஆபீஸில், மாலை ஆறு மணிக்கு வீடியோவில் நேர்காணல். வாப்பாவின் சொந்தப் பெயர், பிறந்த தேதி, உம்மாவின் பெயர், என் பெயர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் ஒட்டியிருந்தேன். தீவைப் பற்றி எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றாராம் அதிகாரி. ராஜிக் எங்களுக்கு இனிப்பு கொடுத்தார்.

வெளியே வந்து கால்வாய்க் கரையோரம் நடந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாப்பா நின்று என் முகத்தைப் பார்த்தார், புது வாடிக்கையாளரைப் பார்க்கும் அதே மரியாதையோடு.

"எங்க ஊருக்கு மொத தடவையா வர்றீங்களா?"

ஆமாம் என்றேன். பயப்படாதீங்க, நான் சுத்திக் காட்டுறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.